ஓரம் நேராக வந்துவிட்டது!

வணக்கம். முதலில் இந்த ஓரத்தைப் பாருங்கள். இருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுவருகிறேன். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு! அக்கா குழந்தைக்கு நான் நெய்த போர்வை நேற்று மாலை தறியை விட்டு இறங்கியது.

போன முறை நெய்த துண்டு உங்களுக்கு நினைவிருக்கும். 20 அங்குல அகலத்தில் தொடங்கி, முடிக்கும்போது 17-க்கு வந்து நின்றது. குறுக்காக ஓடும் ஊடு நூலை விறைப்பாக இழுத்ததுதான் காரணம். ஊடு, நீளவாக்கில் கட்டியிருக்கும் ஒவ்வொரு பாவிழைக்கும் மேலும் கீழும் வளைந்து போக வேண்டும். அதற்கு வேண்டிய நீளத்தை நாம் விடவில்லையென்றால் இரண்டு ஓரத்தையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தாராசுரத்து மாமா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நூலைச் சரிவாக விடும்மா, பிறகு நெருக்கி அடி" என்றார். அப்படியே செய்தேன். ஓரம் நின்றுவிட்டது! ராத்திரி தூங்கப் போகும்வரை அதைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

சொல்ல விட்டுப்போயிற்று, தறி அவருடையது. பட்டு நெய்யும் தறி அல்ல, பின்கட்டில் சும்மா கிடந்த பருத்திக் குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை அழுத்த வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் குழியில் ஈரம் ஊறிவிடும். அதனால்தான் இவ்வளவு அவசரம்.

இப்போது சிவப்பு நூல் விஷயம். எனக்கு இன்னும் ஆறவில்லை. கரைக்கென்று ஒரு சிட்டம், அதாவது ஒரு நூல்கட்டு, 180 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சாயம் போகவே போகாது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். வீட்டில் ஒரு முழத்தைச் சுடுநீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினேன். துணி முழுக்க ரோஜா நிறம்! குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பொருள் இது. கேட்கப் போனால் "மஞ்சள் தண்ணீரில் ஊற வையுங்கள்" என்கிறார். வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டு, சோதித்துப் பார்த்த பச்சை நூலைப் போட்டேன். குறுவை நாற்றின் பச்சை. வெள்ளைக்கு நடுவில் எவ்வளவு அழகாக இருக்கிறது, பாருங்கள்.

பூவேலை ஏன் இல்லை என்று கேட்பீர்கள். நீளமாக மிதக்கும் இழையில் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும். அதனால் வெறும் சாதா நெசவு. குஞ்சமும் கிடையாது, இரு முனையையும் மடித்துத் தைத்துவிட்டேன்.

ஆமாம், அகலம்! தறியில் 34 அங்குலம், இறக்கியதும் 32, ஒருமுறை அலசியபின் 30. அக்கா கேட்டதும் 30தான். வெள்ளிக்கிழமை பேர் வைக்கிறார்கள். அதற்குள் இன்னும் ஒரு தடவை அலசி, நிழலில் காயப்போட வேண்டும்.