வேண்டாம் என்ற பிறகு

நேயர்களுக்கு வணக்கம். பென்னாகரம் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். மைக் முன்னால் பேசிப் பழக்கமில்லை, தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவுக்குத் தவணையில் புடவை விற்க ஒருவர் வருவார். திண்ணையில் மூட்டையை இறக்கி, "வாங்க வேணாம்மா, சும்மா பாருங்க" என்பார். "போன புடவைக்கே பாக்கி நிக்குது" என்பாள் பாட்டி. அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததை விரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஒரு நொடி முகம் விழும், பாருங்கள், அதே மாதிரி முகத்தை அமெரிக்காவில் படம் பிடித்தவர், ஆவணப்படம் எடுத்த ஆல்பர்ட் மேசல்ஸ்.

1926-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் பிறந்தவர். பிழைக்க வந்த யூதக் குடும்பம். அப்பா உக்ரைன்காரர், தபால் குமாஸ்தா. அம்மா போலந்துக்காரர், பள்ளி ஆசிரியை. தெருவில் ஐரிஷ் பையன்களோடு அடிதடி. வளர்ந்து பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடம் எடுத்தார். 1955-ல் ரஷ்யாவின் மனநல மருத்துவமனைகளைப் பார்க்கப் போனவர், கையில் ஒரு 16 எம்.எம். கேமராவும் கொண்டுபோனார். வாத்தியார் வேலை அதோடு சரி.

அண்ணன் கேமரா, தம்பி டேவிட் ஒலிப்பதிவு. வேறு கூட்டம் கிடையாது. ஸ்டாண்டும் விளக்கும் இல்லாமல், கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்களோடு கூடவே நடந்தார்கள். கேள்வி கேட்பதில்லை, பின்னணியில் யாரும் விளக்கம் சொல்வதுமில்லை.

1969-ல் வந்த 'சேல்ஸ்மேன்' படத்தில் நாலு பேர் வீடு வீடாகப் போய் பைபிள் விற்கிறார்கள். விலை ஐம்பது டாலர், அதுவும் தவணையில். கதவைத் திறக்கிறவர்களிடமும் காசு இருக்காது. நால்வரில் பால் என்பவருக்கு மட்டும் வியாபாரம் படுத்துக்கொண்டே போகிறது. ராத்திரி லாட்ஜ் அறையில் அவர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதை கேமரா அப்படியே பார்த்துக்கொண்டிருக்கும். இந்த பால் ஓர் ஐரிஷ்காரர்! சின்ன வயதில் யாரோடு மல்லுக்கு நின்றாரோ, அவர்களில் ஒருவர்மேல்தான் ஆல்பர்ட்டின் கேமரா அவ்வளவு பிரியமாக நிற்கிறது. அண்ணன் தம்பி இருவருமே இளவயதில் கதவு தட்டி விற்றவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படத்தை விநியோகிக்க ஆள் கிடைக்காமல் தாங்களே வெளியிட்டார்கள். 1987-ல் டேவிட் இறந்துபோனார். ஆல்பர்ட் 2015-ல் சாகும்வரை படமெடுத்துக்கொண்டிருந்தார்.

இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நானும் ஒன்று செய்தேன். புளி சீசனில் பாட்டி முற்றத்தில் ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுப் பழக்கம் விடுமா? "பாட்டி, இப்படித் திரும்பு, அதை இன்னொரு தரம் சொல்லு" என்றேன். முந்தானையைச் சரிசெய்து, போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்துவிட்டாள். ஒன்றும் தேறவில்லை.

மறுநாள் கேமராவை ஓட விட்டு, மடிமேல் வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொட்டை எடுத்தேன். ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு தானாகவே, தாத்தா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு மாதம் சேதி அனுப்பாமல் இருந்ததைச் சொன்னாள். நான் பிறந்ததிலிருந்து கேள்விப்படாத கதை. சொல்லி முடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அந்தப் பொட்டி இன்னும் ஓடுதா கண்ணு? நிறுத்திட்டு, புளியை எடுத்து உள்ள வை. மேகம் கட்டுது."