‘எனக்கு ஒண்ணும் இல்லை மேடம்’: ஆண்களிடம் மனநல சிகிச்சை எங்கே தொடங்குகிறது?

[காட்சி: ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு டீக்கடை. காலை நேரம். பெஞ்சில் நாலைந்து பேர், கையில் பேப்பர்.]

குரல்: ஆம்பளைங்க வாய் திறக்க மாட்டார்கள் என்று சொல்வது வழக்கம். டெல்டாவில் ஒரு டீக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், கடைமடைக்கு எப்போது வந்து சேரும், ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று கொள்முதல் நிலையத்தில் யாருடைய நெல்லை ஒதுக்கினார்கள், எல்லாம் பேசுவார்கள். அடகு வைத்த நகை ஏலத்துக்கு வந்ததையும் பேசுவார்கள். என்ன, அதை மட்டும் அடுத்தவன் கதையாகச் சொல்வார்கள்.

[காட்சி: அரசு மருத்துவமனை புறநோயாளிகள் பிரிவு. வரிசையில் ஆண்கள்.]

குரல்: இவர்களில் ஒருவர் மனநலப் பிரிவுக்கு வருகிறார் என்றால், பெரும்பாலும் நேராக வருவதில்லை. நெஞ்சு அடைக்கிறது, கேஸ் தொல்லை, தூக்கம் இல்லை என்று பொது மருத்துவரிடம் போவார். இசிஜி எடுத்தால் நார்மல். அங்கிருந்து இங்கே அனுப்புவார்கள். இல்லாவிட்டால், குடி அதிகமாகிவிட்டது என்று மனைவி இழுத்துக்கொண்டு வருவார். வந்து உட்கார்ந்தவரிடம் “மனசு எப்படி இருக்கு?” என்று கேட்டால் வரும் பதில்தான் இந்த வீடியோவின் தலைப்பு.

அனுபவமுள்ள மருத்துவ உளவியலாளர் வேறு இடத்தில் தொடங்குவார். ஒரு கற்பனை உரையாடலைப் பார்ப்போம்.

[காட்சி: சிறிய அறை. மேசைக்கு எதிரெதிராக இல்லாமல், பக்கவாட்டில் போட்ட இரண்டு நாற்காலிகள்.]

“சொல்லுங்கய்யா.”

“எனக்கு ஒண்ணும் இல்லை மேடம். வீட்டுலதான் கூட்டிட்டு வந்துட்டாங்க.”

“சரி, இருக்கட்டும். இந்த வருஷம் சம்பா போட்டாச்சா?”

“நாத்து விட்டாச்சு. நடவுக்கு ஆள் சொல்லணும். ரெண்டு வாரமா வயப்பக்கம் போகல.”

“அப்போ பகல்ல என்ன பண்றீங்க?”

“திண்ணையில படுத்துக் கிடப்பேன். சாயங்காலம் கடைக்குப் போயிடுவேன்.”

குரல்: ‘வருத்தம்’ என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஆனால் நாற்று முற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு சம்பா விவசாயி ரெண்டு வாரமாக வயலை எட்டிப்பார்க்கவில்லை. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இதைவிடத் தெளிவான தகவல் அந்த அறையில் கிடைக்காது. ‘கடை’ என்றால் மதுக்கடை என்பதும் உளவியலாளருக்குத் தெரியும். முதல் நாளே குடிக்காக உபதேசம் செய்தால் இரண்டாவது தடவை ஆள் வரமாட்டார். அதனால் எவ்வளவு, எப்போதிலிருந்து என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்.

அப்புறம் ஒரு சின்ன வேலை கொடுக்கிறார். நாளைக்குக் காலையில் வயலுக்குப் போக வேண்டும். ஆள் சொல்ல வேண்டாம், நடவு வேண்டாம். மடையைப் பார்த்துவிட்டு வரப்பில் ஒரு நடை, அவ்வளவுதான். போகும் முன் மனபாரம் பத்துக்கு எவ்வளவு, திரும்பி வந்த பிறகு எவ்வளவு என்று தினசரி காலண்டர் தாளின் பின்னால் எழுத வேண்டும்.

இது ஏதோ ஆறுதலுக்குச் சொல்வதல்ல. நடத்தைத் தூண்டல் சிகிச்சை என்று பெயர். பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் வளர்த்த கருத்து இதற்கு அடிப்படை. நிறைவு தரும் செயல்கள் குறையக் குறையச் சோர்வு கூடும். சோர்வு கூடினால் செயல் இன்னும் குறையும். மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல், செயலிலிருந்து அந்தச் சுழலை உடைப்பதுதான் முறை.

ஆனால் எல்லா ஆணுக்கும் இதே மருந்து என்று நினைத்தால் தப்பு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சரிந்தன. அப்படி ஒரு இழப்புக்குப் பிறகு ராப்பகலாக உழைத்தே அதைப் பேசாமல் தள்ளுகிற ஆளும் உண்டு. அவருக்கு இன்னொரு வேலை கொடுப்பது ஒளிய இடம் காட்டுவதுதான். அவரிடம் வேலையைக் குறைத்து, பேச்சுக்கு இடம் விட வேண்டும். யார் எந்த ரகம் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் உளவியலாளரின் திறமை இருக்கிறது.

[காட்சி: அதே அறை. நெருக்கமான காட்சி.]

குரல்: ஒரு கேள்விக்கு மட்டும் சுற்றி வளைப்பதே கிடையாது. “உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாய்யா?” நேராகக் கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறோம், அப்படி வருவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் நூற்றுக்குச் சுமார் 72 பேர் ஆண்கள். பதில் ‘ஆமாம்’ என்றால் அன்றே மனநல மருத்துவரைப் பார்க்க வைப்பார். வீட்டாரிடமும் பேசுவார்: பூச்சிமருந்து வீட்டில் இருக்கக் கூடாது, வேறு இடத்தில் பூட்டி, சாவி இன்னொருவரிடம் இருக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்து என்கிற மாதிரி நிலைகள் தவிர, உள்ளே பேசியது வெளியே போகாது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமே அதை உரிமையாகச் சொல்கிறது. ‘மாமன் மச்சானுக்குத் தெரிந்துவிடும்’ என்று தயங்குபவரிடம் இதை முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

[திரையில்: டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண் 14416]

குரல்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. தனியாரிடம் போவதானால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மாத்திரை எழுத மாட்டார். அது மனநல மருத்துவர் வேலை. கிளம்பிப் போக முடியாவிட்டால் 14416க்குக் கூப்பிடலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.