வெள்ளைச் சுவரும் காய்கறி மரமும்

வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது, 'ஸ்காண்டிநேவிய உள்அலங்காரம் பற்றிப் பேசுவார்' என்றார். உடனே உங்களில் பலருக்கு வெள்ளைச் சுவர், வெளிர் நிற மரம், சாம்பல் நிறச் சோபா, ஓரத்தில் ஒரே ஒரு தொட்டிச்செடி என்று மனத்தில் ஓடியிருக்கும். என்னிடம் வருகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். கைப்பேசியில் படத்தைக் காட்டி, 'இதே மாதிரி வேணும் மேடம்' என்பார்கள். ஒரு வீட்டுக்கு நானும் செய்து கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துப் போனால், வீட்டுக்காரருடைய அம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார். 'சோபா அழுக்காயிடுமோன்னு பயமா இருக்கும்மா' என்றார். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அந்தப் பாணியை அதன் ஊரிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்றுதான் ஒரு டிசம்பரில் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் போனேன். குளிர்காலத்தில் அங்கே சூரியன் ஆறு மணி நேரம் தலைகாட்டினால் பெரிய காரியம். ஸ்ட்ராண்ட்வேகன் என்று தண்ணீரோரமாக ஒரு தெரு. அதில் 5ஆம் எண்ணில் 'ஸ்வென்ஸ்க்ட் டென்' என்ற கடை. பெயருக்கு 'ஸ்வீடன் வெள்ளீயம்' என்று பொருள். நம் வீட்டு ஈயச் சொம்புக்கு அது தூரத்து உறவு! எஸ்ட்ரிட் எரிக்சன் என்ற ஓவிய ஆசிரியை, அப்பா விட்டுப்போன பணத்தைப் போட்டு 1924இல் வெள்ளீயச் சாமான்கள் விற்க ஆரம்பித்த கடை அது. நான் உள்ளே நுழைந்தேன். வெள்ளையைக் காணோம். திரைச்சீலையில் என் உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கள், மெத்தை உறைகளில் பறவைகள், ஒரு அலமாரியின் கதவு முழுக்கச் செடிகொடிப் படங்கள் ஒட்டியிருந்தன. ஸ்வீடன்காரர்கள் தங்கள் சொத்தாகக் கொண்டாடும் கடை இது. இத்தனை நிறத்தையும் அங்கே கொண்டுவந்தவர் ஸ்வீடனில் பிறந்தவரே அல்ல.

அவர் பெயர் யோசெப் ஃப்ராங்க். 1885இல் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குப் பக்கத்தில் பாடன் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். (இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு தகவல்: பிராக் பல்கலைக்கழகத்தில் ஐன்ஸ்டைனுக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிலிப் ஃப்ராங்க் இவருடைய அண்ணன்.) கட்டடக்கலை படித்தார். 1910இல் முனைவர் பட்டம், ஆய்வுப் பொருள் இத்தாலிய மறுமலர்ச்சிக் கட்டடக் கலைஞர் ஆல்பெர்ட்டி. அதற்காக இத்தாலிக்குப் போய்த் தேவாலயங்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். இரண்டு ஆண்டு கழித்து அன்னா செபேனியஸ் என்ற ஸ்வீடன் பெண்ணை மணந்தார். மனைவி வழி உறவுகளால் தெற்கு ஸ்வீடனில் ஃபால்ஸ்டெர்போ என்ற கடலோர ஊரில் கோடை வீடுகள் கட்டும் வாய்ப்பு வந்தது. மாமியார் நாடு பிறகு எவ்வளவு கைகொடுக்கப் போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

1927இல் ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் நகரில் ஒரு குடியிருப்புக் கண்காட்சி. மீஸ் வான் டெர் ரோஹே தலைமை, லெ கொர்பூசியே, குரோப்பியஸ் என்று நவீனக் கட்டடக்கலையின் பெருந்தலைகள் எல்லாம் வீடுகள் கட்டினார்கள். ஆஸ்திரியாவிலிருந்து ஃப்ராங்க் ஒருவர்தான். வெளியே பார்த்தால் இவர் வீடும் மற்றதைப் போல வெள்ளைப் பெட்டி, தட்டைக் கூரை. உள்ளே போனவர்கள்தான் திடுக்கிட்டார்கள். பூப்போட்ட துணி, மெத்தை, திண்டு! எஃகுக் குழாய் நாற்காலிதான் புதுயுகம் என்று எல்லோரும் சத்தியம் செய்துகொண்டிருந்த நேரம் அது. கேலி செய்தார்கள், பெண்மைத்தனம் என்றார்கள். அதை அவர்கள் வசவாகச் சொன்னார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஃப்ராங்க் திருப்பிக் கொடுத்தார். எஃகு இவர்களுக்கு ஒரு பொருளாக இல்லை, ஒரு மதமாக ஆகிவிட்டது என்ற பொருள்பட எழுதினார். அடுத்து, 1931இல் வீட்டைப் பற்றி ஒரு கட்டுரை. நல்ல வீடு ஒரு ஊரைப் போல இருக்க வேண்டும் என்கிறார் அதில். தெரு இருக்கும், திருப்பம் இருக்கும், நாலு பேர் நின்று பேசும் முற்றவெளி இருக்கும். வாசலில் நுழைந்ததும் எல்லாம் கண்ணில் பட்டுவிட்டால் நடப்பதற்கு என்ன இருக்கிறது? வியன்னாவில் 'பேர்' என்ற குடும்பத்துக்கு அவர் கட்டிய வீட்டில் படிக்கட்டே அந்தத் தெரு. ஏறும் வழியில் நின்று உட்கார்ந்து போக இடங்கள். அந்த வீட்டின் தரைப்படத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு ராத்திரி முழுக்க விரலால் நடந்து பார்த்திருக்கிறேன்.

பிறகு நடந்தது நீங்கள் அறிந்ததுதான். ஹிட்லர் வந்தார், வியன்னாவிலும் காற்று மாறியது, வடிவமைப்பாளர் சங்கத்துக்குள்ளேயே யூத வெறுப்பு புகுந்தது. 1933 கடைசியில் ஃப்ராங்க் மனைவியோடு ஸ்வீடனுக்குப் போய்விட்டார். வயது 48. ஏற்கெனவே அவரிடம் வரைபடங்கள் கேட்டு எழுதியிருந்த எஸ்ட்ரிட் எரிக்சன் அவரைக் கடையில் சேர்த்துக்கொண்டார்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். அப்போது ஸ்வீடனில் இருந்த நிலைமை என்ன? 1930 ஸ்டாக்ஹோம் கண்காட்சிக்குப் பிறகு அங்கேயும் நேர்கோடு, வெள்ளை, சிக்கனம்தான் பேச்சு. அதன் நடுவில் 1934இல் ஃப்ராங்க் ஒரு சோபாவைக் கொண்டுவந்து வைத்தார். கட்டிலோ என்று சந்தேகப்படும் அளவுக்கு ஆழம். காலைத் தூக்கி மடக்கி உட்காரலாம், சாயலாம், பிள்ளைகள் ஏறிக் குதிக்கலாம். 1937 பாரிஸ், 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிகளில் இவருடைய பொருள்களும் போய் நிற்க, 'ஸ்வீடிஷ் மாடர்ன்' என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. அகதியாக வந்தவர் வேலை, ஸ்வீடன் பெயரில் ஊர்வலம் போனது!

இப்படிச் செய்வதற்கு அவர் சொன்ன இரண்டு காரணங்களைத் தொழில் செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, பீரோவுக்கும் அலமாரிக்கும் உயரமான கால் வைப்பார். தரையும் சுவரும் சேருகிற கோடு கண்ணுக்குத் தெரிந்தால்தான் அறை எவ்வளவு பெரிது என்று மனம் சமாதானமாகும் என்பார். (துடைப்பமும் தாராளமாக நுழையும், அது நான் சேர்த்த காரணம்.) இரண்டாவதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. வெறும் நிறம் பூசிய பரப்பு மனத்தை அமைதிப்படுத்தும் என்றுதானே கல்லூரியில் படித்தோம்? தலைகீழ் என்கிறார் ஃப்ராங்க். வெறும் பரப்பைக் கண் ஒரே பார்வையில் முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று அலையும். பூவேலை இருந்தால் கொடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் போகும், அங்கேயே தங்கும். ஆறு மணி நேர வெளிச்சத்தில் வாழ்கிற ஊரில் சன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லாத மாதங்களை நினைத்துக்கொண்டால் இது இன்னும் நன்றாகப் புரிகிறது.

போர் நெருங்கியதும் மறுபடி ஓட்டம், இந்த முறை நியூயார்க்குக்கு. அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தினார். கட்டடம் கட்டக் கேட்டு யாரும் வரவில்லை. அறையில் உட்கார்ந்து துணிக்கு வரைந்தார். 1944இல் எஸ்ட்ரிட்டுக்கு 50ஆவது பிறந்தநாள். கடல் தாண்டிப் போன பரிசு, 50 புதிய துணி வடிவங்கள். வயதுக்கு ஒன்று! ஃப்ராங்க் வரைந்தவற்றின் பெயர்களைக் கேளுங்கள்: ஹவாய், பிரேசில், தெஹ்ரான், ஹிமாலயா. பெரிய பயணி போலும் என்று தோன்றும். போர்க்காலத்தில் வரைந்தபோது ஆள் இருந்தது மான்ஹாட்டனில். செடி புத்தகத்திலிருந்து வரும், பறவையும் புத்தகத்திலிருந்து வரும். அதற்கு முன்பே வரைந்த 'அனக்ரியோன்' என்ற துணியில் உள்ள நீலப் பறவை, கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் பழைய க்னாசோஸ் அரண்மனைச் சுவரோவியத்திலிருந்து பறந்து வந்தது. இருந்த ஊரையும் விடவில்லை. 'மான்ஹாட்டன்' என்ற துணியில் அந்தத் தீவின் தெருப்படமே அச்சாகியிருக்கிறது.

அவற்றில் ஒன்றின் பெயர் 'காய்கறி மரம்'. ஒரே அடிமரம், கிளைக்குக் கிளை வேறு வேறு பூ, வேறு வேறு காய். தாவரவியல் படித்தவர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் இந்த மாதிரி மரம் நமக்குப் புதிதா? இந்திய, பாரசீகத் துணிகளில் வரும் உயிர் மரம்தானே இது! மேட்டின் மேல் வளைந்து நிற்கும் ஒரு மரம், அதில் உலகத்துப் பூவெல்லாம். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மசூலிப்பட்டினம் முதல் பழவேற்காடு, நாகப்பட்டினம் வரை நம் சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய துணிகள் கப்பலேறி ஐரோப்பியப் படுக்கைகளின் மேல் விரிந்தன. அந்த மரத்தின் ஒரு கிளை ஸ்டாக்ஹோம் கடையில் தொங்குகிறது என்று கண்டபோது எனக்கு ஊர்க்காரரைச் சந்தித்த மாதிரி இருந்தது.

போர் முடிந்து ஸ்வீடன் திரும்பினார், 1967இல் அங்கேயே மறைந்தார். கடைக்காக அவர் வரைந்தவை சுமார் 2000 மரச்சாமான் வரைபடங்கள், 160 துணி வடிவங்கள். கட்டடக்காரராக மட்டும் யாரும் அழைக்கவில்லை. அந்த ஏக்கத்தில் 1947இல் மனைவியின் உறவினர் டாக்மார் கிரில்லுக்கு எழுதிய கடிதங்களில் 13 வீடுகளை வரைந்து அனுப்பினார். பலவற்றில் சுவர்கள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. அவர் இருந்தவரை ஒன்றும் எழும்பவில்லை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். அந்தக் கடையில் விலையைக் கேட்டு எனக்கு மயக்கமே வந்தது. ஆனாலும் ஒரு திண்டு உறைக்கான காய்கறி மரத் துணி வாங்கி வந்தேன். இதோ. முன்வரிசையில் தருகிறேன், கடைசி வரிசை வரை போய்வரட்டும். அழுக்காகிவிடுமே என்று யாரும் பயப்பட வேண்டாம், நன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.