நடந்து போகும் தூரத்தில் நல்ல காட்சி

(ஒளிப்பட ஆர்வலர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

கேமரா வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் தவறாமல் ஒரு பேச்சு வரும். "எங்க பக்கம் எடுக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லை. மலை கிடையாது, கடல் கிடையாது. லீவு கிடைச்சா எங்கேயாவது போய்த்தான் எடுக்கணும்." உள்ளூர் மாடு விலை போகாது என்பது காட்சிகளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது. இந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் படங்களிலேயே பழையது எது? பிரான்சில் நிசிஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் எடுத்தது. உலோகத் தகட்டில் தார் போன்ற ஒரு வகை நிலக்கீலைப் பூசி, கேமராவுக்குள் வைத்து, பல மணி நேரம் ஒளி விழவிட்டு எடுத்தார். அவ்வளவு நேரம் ஆனதால் சூரியன் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போய்விட்டது. கட்டடங்களின் இரண்டு பக்கச் சுவரிலும் வெயில் விழுந்திருப்பதை அந்தப் படத்தில் இன்றும் பார்க்கலாம். என்ன கட்டடங்கள்? அவர் வீட்டுக் கூரைகளும் புறாக்கூண்டுக் கோபுரமும்தான். எடுத்த இடம், அவர் வீட்டு மாடி ஜன்னல். நம் கலை தொடங்கியதே ஒரு வீட்டு ஜன்னலில்.

செக் நாட்டின் பிராகா நகரத்தில் யோசெஃப் சுடெக் என்று ஓர் ஒளிப்படக் கலைஞர். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். 1940இலிருந்து 1954 வரை தன் ஸ்டுடியோ ஜன்னலையும் அதன் வழியே தெரியும் சிறு தோட்டத்தையும் திரும்பத் திரும்ப எடுத்தார். கண்ணாடியில் ஒருநாள் பனித்துளி, ஒருநாள் மழைக்கோடு, ஒருநாள் உறைபனிப் பூ. வெளியே ஒரு வளைந்த மரம். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, இவருக்கு வேறு இடமே தேவைப்பட்டிருக்காது என்பதுதான். இடம் மாறவில்லை. ஒளியும் வானிலையும் மாறிக்கொண்டே இருந்தன, அவர் அங்கேயே இருந்தார்.

இந்த 'அங்கேயே இருப்பது' என்பதில்தான் பக்கத்து இடத்தின் பலம் முழுவதும் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 6 டிகிரி உயரத்துக்குள் இருக்கும்போது கிடைக்கும் சாய்வான மஞ்சள் ஒளியைத்தான் எல்லோரும் தேடுகிறோம். பூமத்திய ரேகைப் பக்கம் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. அப்படியானால் அந்த 6 டிகிரியைக் கடக்க 24 நிமிடம்தான். துருவங்களை நோக்கிப் போகப் போக இந்த நேரம் நீளும் என்றாலும் முடிவில்லாதது இல்லை. நூறு மைல் தாண்டிப் போனவர், வண்டியை நிறுத்த இடம் தேடி, எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்து முடிப்பதற்குள் அந்த ஒளி போய்விடும். அன்று மேகம் மூடிவிட்டால் அவருடைய பயணமே வீண். பக்கத்தில் இருப்பவருக்கு அப்படி இல்லை. ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்க்கிறார், சரியில்லை என்றால் நாளைக்குப் போகிறார்.

மூடுபனியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தை ஒட்டிப் படரும் மூடுபனிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. முந்தைய நாள் மழையில் தரை நனைந்திருக்க வேண்டும். இரவில் வானம் தெளிவாக இருந்து தரையின் சூடு வெளியேற வேண்டும். காற்று கிட்டத்தட்ட நின்றிருக்க வேண்டும். இவை கூடி வந்தால் பள்ளமான இடத்திலும் நீர்நிலை ஓரத்திலும் விடியும்போது பனி தேங்கி நிற்கும். வெயில் ஏற ஏறக் கலைந்துவிடும். இரவு படுக்கும்முன் இந்த மூன்றையும் கவனித்தால் போதும், அலாரம் வைக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். மூடுபனி வந்துவிட்டால் குறுக்கே ஓடும் கம்பி, பின்னால் நிற்கும் கட்டடம், குப்பைத் தொட்டி எல்லாம் மறைந்து முன்னால் நிற்கும் ஒற்றை மரம் மட்டும் தனித்து நிற்கும். சாதாரண இடங்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை என்பேன்.

சரி, இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வரைபடம். வீட்டை நடுவில் வைத்து, அரை மணி நேரம் நடந்தால் எவ்வளவு தூரம் போகலாமோ அந்த அளவுக்கு ஒரு வட்டம் போடுங்கள். அதற்குள் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். குளம், கால்வாய், மழைநீர் தேங்கும் பள்ளம், எதுவானாலும் சரி. நீர் வானத்தைத் தரைக்குக் கொண்டுவரும். அடுத்து, சுற்றுப்புறத்தைவிட ஒரு மாடி உயரமாவது எழும்பி நிற்கும் இடம். அப்புறம் பாலங்கள். அதன்பின் ஓரங்கள், அதாவது வீடுகள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் கோடு. செயற்கைக்கோள் படத்தில் இந்தக் கோடுகள் நன்றாகத் தெரியும்.

நேரான சாலைகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை. மார்ச் 20, செப்டம்பர் 22 தேதிகளை ஒட்டித்தான் நேர்கிழக்கில் உதிக்கிறது. ஜூனில் வடக்கே தள்ளியும் டிசம்பரில் தெற்கே தள்ளியும் போய்விடும். பூமத்திய ரேகையில் இந்த ஊசலாட்டம் மொத்தம் 47 டிகிரி. 50 டிகிரி அட்சரேகையில் ஏறக்குறைய 76 டிகிரி. இந்த வீச்சுக்குள் நோக்கியிருக்கும் சாலை எதுவானாலும், வருடத்தில் ஏதோ சில நாட்களில் சூரியன் அதன் முனையிலேயே வந்து நிற்கும். நியூயார்க்கில் மன்ஹாட்டன் தெருக்களில் மே மாதக் கடைசியிலும் ஜூலை நடுவிலும் சூரியன் இப்படி மறைவதை எடுக்க மக்கள் நடுச்சாலையில் கூடிவிடுகிறார்கள். உங்கள் தெருவுக்கும் அப்படி ஒரு தேதி இருக்கலாம். அதை இதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வரைபடத்தில் குறித்த இடங்களை நேரில் பார்க்க உச்சிவெயில்தான் சரியான நேரம். படம் எடுக்க உதவாத நேரம் என்பதால் அவசரம் இருக்காது. திசைகாட்டியோடு போங்கள். எது கிழக்கு, எந்த மரம் எந்தப் பக்கம் மறைக்கும், எங்கே நின்றால் கம்பிகள் தெரியாது என்று குறித்து வையுங்கள். போன வழியே திரும்பாமல் எதிர்த்திசையிலிருந்தும் ஒருமுறை நடந்து பாருங்கள். தினமும் ஒரே திசையில் போகும் சாலையில் பாதியைத்தான் நாம் பார்த்திருப்போம்.

ஒரு நல்ல காட்சிக்குக் கிலோமீட்டர் கணக்கில் பரப்பு வேண்டும் என்பதும் ஒரு தவறான எண்ணம். மழை விட்டதும் வெளியே போய் இரண்டு சாண் அகலத்துக்குத் தேங்கிய நீரைப் பாருங்கள். நின்றபடி பார்த்தால் கலங்கல் நீர். கைபேசியைத் தலைகீழாகத் திருப்புங்கள். லென்ஸ் இப்போது கீழ் ஓரத்துக்கு வந்துவிடும். அதை நீர்ப்பரப்புக்கு ஒரு விரல் இடைவெளி வரை இறக்குங்கள். நீர் திரை முழுக்க விரிந்து ஏரி மாதிரி ஆகிவிடும். எதிரே உள்ள மரங்களும் மேகங்களும் கரையிலிருந்து கரைவரை தலைகீழாகத் தெரியும். பார்வை நீருக்கு எவ்வளவு தாழ்ந்து போகிறதோ அவ்வளவு அதிகமாக அது ஒளியைத் திருப்பித் தரும். காற்று அடித்தால் போச்சு, காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று நிலா. இதற்கு வரைபடத்தில் போட்ட வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். நிலா வானத்தில் அடைத்துக்கொள்ளும் அகலம் சுமார் அரை டிகிரி. ஒரு பொருளின் உயரத்தைப் போல ஏறக்குறைய 115 மடங்கு தூரத்தில் நின்றால், அந்தப் பொருளும் நிலாவும் ஒரே அளவாகத் தெரியும். 20 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம் என்றால் 2.3 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அத்தனை தூரத்திலிருந்து மறைப்பில்லாமல் அது எங்கே தெரியும் என்பதைத் தேடுவதுதான் வேலையே. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ், 400 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டது வேண்டும். முழுநிலவுக்கு முந்தைய நாள் மாலை எனக்கு மிகப் பிடித்தது. நிலா நாளுக்குச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிப்பதால், முந்தைய நாளில் சூரியன் மறையுமுன்பே மேலே வந்துவிடும். நிலத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும், நிலாவின் முகமும் வெளுத்துப் போகாமல் ஒரே படத்தில் இரண்டும் கிடைக்கும்.

குறுக்கீடுகளைப் பற்றியும் கேட்பீர்கள். வீட்டுப் பக்கத்தில் கம்பமும் விளம்பரப் பலகையும் இல்லாத இடம் அரிது. அகலமான லென்ஸை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் உள்ளே இழுக்காதீர்கள். 100 முதல் 200 மி.மீ. வரையிலான லென்ஸால் காட்சியின் ஒரு துண்டை மட்டும் எடுங்கள். அகன்ற லென்ஸ்தான் நிலக்காட்சிக்கு உரியது என்ற நம்பிக்கை பெரிய மலைகளின் முன் செல்லுபடியாகலாம். வீட்டருகே அது பெரும்பாலும் இடைஞ்சல்தான். மேகமூட்டமான நாளில் வானத்தை விட்டுவிட்டு மரப்பட்டை, இலை, பாசி பிடித்த சுவர் பக்கம் திரும்புங்கள். நிழல் கடுமையாக விழாது, நிறங்கள் அழுத்தமாக வரும்.

தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டு நுழையுங்கள். ரயில் தண்டவாளத்தில் படத்துக்காக யாரும் நிற்கவே கூடாது. பறவைகள் கூடு கட்டியிருக்கும் இடத்தைப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

உங்களில் சிலர் உங்கள் பகுதியின் வரைபடத்தோடு வந்திருக்கிறீர்கள். மேசைமேல் விரித்து வையுங்கள். எந்தச் சாலையில் எந்தத் தேதியில் சூரியன் நேராக வரும் என்பதை இப்போதே சேர்ந்து பார்த்துவிடுவோம்.