சனிக்கிழமை மூத்தார், திங்கட்கிழமை மாமனார்

நேயர்களுக்கு வணக்கம்.

2023 அக்டோபர் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு குழப்பம். விஜய் டிவியில் ஐந்து வருடம் ஓடிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 28ஆம் தேதி சனிக்கிழமை முடிந்தது. 30ஆம் தேதி திங்கட்கிழமை 'பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' தொடங்கியது. அதே மளிகைக்கடைப் பெயர், அதே நடிகர் ஸ்டாலின். சனிக்கிழமை வரை தம்பிகளை வளர்த்த மூர்த்தி அண்ணன், திங்கட்கிழமை மூன்று வளர்ந்த பையன்களுக்கு அப்பா. அப்புறம் மீனா. பழைய தொடரில் மீனாவாக வந்த ஹேமா, புதியதிலும் மீனாதான். என் அம்மா விரல் விட்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன்டா, அந்தப் பொண்ணுக்கு இவரு சனிக்கிழமை மூத்தார், திங்கட்கிழமை மாமனாரா?"

நல்லவேளை, இரண்டு பேரையும் 'மாமா' என்றே கூப்பிடலாம். தமிழ் காப்பாற்றியது.

புதிய தொடர் பழையதைப் போலவே இருக்கிறதே என்ற பேச்சு அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நடக்கிறது. வேறு பல வீடுகளிலும் நடந்திருக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் காலமானார். அவருக்குப் பிறகு காவ்யா வந்தார், அதன் பின் லாவண்யா. ஒரே முல்லைக்கு மூன்று முகங்கள். துயரத்தோடுதான், ஆனாலும் ஏற்றுக்கொண்டோம். முகம் மாறினாலும் ஆள் அதே என்றபோது தாங்கிக்கொண்டோம். இப்போது முகம் அதே, ஆள் வேறு என்றதும் தடுமாறுகிறோம்.

சரி, கதைக்கு வருவோம். முதல் தொடரே பெரிய புதுமை என்று நான் சொல்லமாட்டேன். மளிகைக்கடை, அண்ணன் தம்பிகள், கூட்டுக்குடும்பம் எல்லாவற்றையும் 2001இல் வந்த 'ஆனந்தம்' படத்திலேயே பார்த்திருக்கிறோம். அந்தத் தொடரும் இங்கேயே நின்றுவிடவில்லை. தெலுங்கில் 'வதினம்மா', மலையாளத்தில் 'சாந்த்வனம்', மராத்தியில் 'சஹகுடும்ப சஹபரிவார்', இந்தியில் 'பாண்ட்யா ஸ்டோர்' என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள். அங்கேயெல்லாம் பார்த்தவர்களுக்கு அது புதுக் கதை. முன்னால் எதைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தது இந்தச் சலிப்பு.

ஆனாலும் 'எல்லாம் ஒன்றுதான்' என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. மூர்த்தியின் அதிகாரம் எங்கிருந்து வந்தது? விட்டுக்கொடுத்ததிலிருந்து. தம்பிகள் தலையெடுக்கட்டும் என்று தனக்கென ஒரு குழந்தைகூட இப்போது வேண்டாமென்று தள்ளிப்போட்ட தம்பதி மூர்த்தியும் தனமும். அந்த வீட்டில் அண்ணன் சொன்னால் தம்பிகள் கேட்டார்கள் என்றால் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. புதிய தொடரின் அப்பா பாண்டியன் கதை வேறு. கோமதியைக் காதலித்துக் கூட்டிவந்து கல்யாணம் செய்துகொண்டவர் அவர். மச்சினர்கள் இன்றும் எதிர்வீட்டில் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த அவமானத்தைச் சுமந்து சுமந்து, தன் பையன்களில் ஒருவன்கூடக் காதல் கல்யாணம் செய்யக்கூடாது என்று பிடிவாதமாக நிற்கிறார். தான் ஏறிய ஏணியைத் தானே எட்டி உதைக்கிற அப்பா.

மூர்த்தி வீட்டில் 'நாம் சேர்ந்தே இருப்போமா' என்பதுதான் பயம். பாண்டியன் வீட்டில் 'அப்பாவுக்குத் தெரிந்துவிடுமா' என்பது பயம். இரண்டும் ஒரே முகத்தில் வந்தாலும் ஒன்றல்ல. சொல்லப்போனால், ஒரே நடிகர் என்பதாலேயே எனக்கு அந்த வித்தியாசம் உறைத்தது. மூர்த்தி அதட்டினால் பின்னால் ஒரு கனிவு வரும் என்று ஐந்து வருடம் பழகிவிட்டோம். பாண்டியன் அதட்டும்போது அது வருமென்று காத்திருந்து ஏமாந்திருக்கிறேன்.

ஆனால் கதிர் விஷயத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. பழைய தொடரில் மூர்த்தியின் தம்பி ஜீவாவுக்கென்று பேசிய முல்லை, இன்னொரு தம்பி கதிருக்கு மனைவியானாள். முறைப்பில் தொடங்கி மெல்ல மெல்ல அன்பான ஜோடி அது. ரசிகர்கள் இரண்டு பெயரையும் சேர்த்துக் 'கதிர்முல்லை' என்று கொண்டாடினார்கள். புதிய தொடரில் கடைசிப் பையனுக்கு என்ன பெயர்? கதிர். எதிர்வீட்டு ராஜியை எப்படிக் கட்டிக்கொள்கிறான்? விருப்பமில்லாமல், நெருக்கடியில், கோமதி சொன்னதற்காக. அப்புறம் முறைப்பு, மெல்ல மெல்ல அன்பு. இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. போன தடவை நன்றாக விற்ற சரக்கை அதே அலமாரியில், அதே சீட்டு ஒட்டி அடுக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்று, மறைப்பது. அந்தக் கல்யாணத்தைக் கோமதிதான் நடத்திவைத்தார் என்பதைப் பாண்டியனிடம் சொல்லாமல் வீட்டுப் பெண்கள் காத்த காலம் இருக்கிறதே, அப்பப்பா! ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயம். கதவோரம் நின்று பாதிப் பேச்சை ஒட்டுக்கேட்பது, சொல்ல வாயெடுக்கும்போது யாராவது உள்ளே வந்துவிடுவது. இதில் பழைய தொடர், புதிய தொடர் என்ற பேதமே கிடையாது, ஊரிலுள்ள எல்லாத் தொடரும் ஒன்றுதான். தினமும் அரை மணி நேரத்தை நிரப்ப வேண்டும், வாரா வாரம் வியாழக்கிழமை டிஆர்பி வரும். போன வாரம் எந்தச் சண்டைக்கு எண்ணிக்கை ஏறியதோ, அது இந்த வாரமும் வரும். எழுதுகிறவர்களின் பாடு எனக்குப் புரிகிறது. பார்க்கிற எனக்குத்தான் சில நாள் கை ரிமோட்டுக்குப் போகிறது.

என் அம்மா இப்போது தெளிந்துவிட்டார். அவருக்கு அது 'தம்பிங்க பாண்டியன்', இது 'பசங்க பாண்டியன்'. எனக்குத்தான் ஒரு குறை பாக்கி. நான் மளிகைக்கடைக்காரர் பிள்ளை. எங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில், ஓரம் மடங்கி எண்ணெய்க் கறை படிந்த கடன் நோட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி அந்த நோட்டிலிருந்துதான் தொடங்கும். நான் பார்த்தவரை இந்த இரண்டு பாண்டியன் ஸ்டோர்ஸிலும் அந்த நோட்டை யாரும் புரட்டவே இல்லை. மூன்றாவது கடை திறந்தால் அதிலாவது ஒன்று வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

வணக்கம்.