செய்தியைப் படித்த கையோடு ஏட்டையும் எடுங்கள்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகக் குழுத் தலைவர் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் உரையில் பாதியை ஏற்கெனவே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, எனக்குப் பின் நன்றியுரை சொல்லக் காத்திருக்கும் பொருளாளர் அவர்களே, வானியல் வட்டத்தின் மூத்த உறுப்பினர்களே, ஒலிபெருக்கியை இரைச்சல் இல்லாமல் வைத்திருக்கும் தம்பி அவர்களே, முன்வரிசையில் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியரே, இடமிருந்தும் கதவோரமாகவே நிற்கும் பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் தம் ஓய்வு நாளை நமக்காகக் கொடுத்திருக்கிறார். நூலகக் குழுத் தலைவர் இந்த அரங்கைக் கொடுத்திருக்கிறார். இந்த இருவரிடமும் இன்னும் ஒன்று கேட்கப் போகிறேன். அதைக் கடைசியில் கேட்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘அறிவியல் செய்திகளும் ஆர்வலர்களும்’. மூன்று செய்திகள் சொல்ல உத்தேசம். பரபரப்பான அறிவிப்பு வந்தால் அதை எந்த வரிசையில் படிப்பது என்பது ஒன்று. கற்பனை யோசனைகளைக் கணக்குப் போட்டு எடை பார்ப்பது இரண்டாவது. நாமே எளிய கருவிகளால் செய்யக்கூடிய அளவீடுகள் மூன்றாவது. இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான் இருக்கிறது. என்னை அறிந்தவர்களுக்கு அது எது என்று தெரியும்: பதறாத காரியம் சிதறாது.

2025 ஏப்ரலில் ஒரு செய்தி வந்தது. கே2-18பி என்ற கோள், 124 ஒளியாண்டு தொலைவு, அங்கே உயிரின் அடையாளம் கிடைத்துவிட்டது என்று பல தலைப்புகள் சொல்லின. ஆர்வலர் கூட்டங்களில் அன்றைக்கே அங்குள்ள உயிரினங்களின் நிறம் என்ன, அவற்றுக்குக் கண் உண்டா என்று விவாதம் தொடங்கியிருக்கும். விவாதம் தவறில்லை. வரிசைதான் தவறு. முதலில், என்ன அளந்தார்கள் என்று கேளுங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி உயிரை அளக்கவில்லை. கோள் தன் விண்மீனைக் கடக்கும்போது, விண்மீனின் அகச்சிவப்பு ஒளியில் எந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தது. அந்தக் குறைவுகளின் வடிவத்துக்கு டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதன் உறவுக்கார மூலக்கூறு பொருந்துகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பூமியில் அதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிரிகள் உண்டாக்குகின்றன என்பது அதற்கும் அடுத்த படி. உயிர் என்பது அதற்கும் மேலே. தலைப்பு எழுதியவர் கடைசிப் படியிலிருந்து தொடங்கிவிட்டார்.

இரண்டாவது, பிழை எல்லையைத் தேடுங்கள். அந்தக் கட்டுரை சொன்னது 3 சிக்மா. சிக்மா என்பது, முடிவு வெறும் தற்செயலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதற்கான அளவு. தற்செயலாக இப்படி ஒரு வடிவம் அமைய 1000-இல் 3 வாய்ப்பு என்று பொருள். உடனே நம் ஆட்கள் 99.7 விழுக்காடு உயிர் உறுதி என்று எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. அந்த எண், வெறும் இரைச்சலே இப்படிக் காட்ட எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் சொல்கிறது. வேறு மூலக்கூறு அதே வடிவத்தைக் காட்டுமா, கருவியிலேயே உள்ள பிழை காட்டுமா என்பதைப் பற்றி அதற்கு வாயே கிடையாது. துகள் இயற்பியலில் 5 சிக்மா கேட்பார்கள், ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒன்று. ஏன் அவ்வளவு கண்டிப்பு? 2015 டிசம்பரில் செர்ன் ஆய்வகத்தின் இரண்டு குழுக்களும் தம் தரவு வரைபடத்தில், 750 ஜிஇவி (துகள் ஆற்றலின் அலகு) என்ற இடத்தில் ஒரு சிறு மேட்டைக் கண்டன. புதிய துகளோ என்று தோன்றியது. இரண்டு குழுவும் தனித்தனியே கண்டன என்பதுதான் எல்லோரையும் அசைத்தது. சில மாதங்களில் சுமார் 500 கோட்பாட்டுக் கட்டுரைகள் குவிந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தபோது மேடு கரைந்துவிட்டது. நூறு இடங்களில் தேடினால் எங்காவது ஓரிடத்தில் மேடு தெரியத்தான் செய்யும். எனவே மூன்றாவது கேள்வி, எத்தனை இடங்களில் தேடினார்கள்? நான்காவது, வேறு காரணங்களில் எவற்றை அவர்களே சோதித்து விலக்கினார்கள்? இந்த நான்காவது கேள்விக்கு ஒரு கதை இருக்கிறது. கதவோரம் நிற்பவர்கள் கொஞ்சம் உள்ளே வந்து கேளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் பார்க்ஸ் என்ற இடத்தில் 64 மீட்டர் விட்டமுள்ள ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் பதிவான தரவை 2007-இல் தூசி தட்டிப் பார்த்தபோது, சில மில்லிநொடியே நீடித்த ஒரு வலுவான ரேடியோ வெடிப்பு அகப்பட்டது. அதன் உயர் அதிர்வெண் முதலில் வந்தது, தாழ்ந்த அதிர்வெண் ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி பிந்தி வந்தது. வழியில் உள்ள எலெக்ட்ரான்களைக் கடந்து வரும் அலை அப்படித்தான் சிதறும். சிதறலின் அளவைப் பார்த்தால் நம் பால்வீதிக்கு வெகு அப்பால் என்று தெரிந்தது. உலகமே நிமிர்ந்து உட்கார்ந்தது. இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், அதே தொலைநோக்கியில் இதே போல உயர் அதிர்வெண் முந்தி வரும் வேறு சில துடிப்புகளும் 1998 முதலே பதிவாகியிருந்தன. இவற்றில் ஒரு கோளாறு. பார்க்ஸ் தொலைநோக்கியின் அலைவாங்கியில் வானத்தின் 13 இடங்களை ஒரே நேரத்தில் பார்க்கும் 13 கற்றைகள் உண்டு. தொலைவிலிருந்து வரும் துடிப்பு ஓரிரு கற்றைகளில்தான் விழ வேண்டும். இந்தத் துடிப்புகளோ பதின்மூன்றிலும் ஒரே சமயத்தில் விழுந்தன. அப்படியானால் பக்கத்தில் எங்கோ இருந்து வருகிறது. எங்கிருந்து? மின்னலா? விமானமா? வளிமண்டலத்தில் நாம் அறியாத ஏதாவதா? பெரிட்டான் என்று ஒரு கற்பனை விலங்கின் பெயரை வைத்து, வருடக்கணக்கில் யோசித்தார்கள். ஒரு விந்தை மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. இந்த மர்ம விலங்கு அலுவலக நேரம் பார்த்து வருகிறது! வார நாட்களில் வருகிறது! அதிலும் மதிய உணவு வேளையை ஒட்டி வருகிறது!

2014 கடைசியில் குறுக்கீடுகளைக் கண்காணிக்கும் ஒரு கருவியைத் தளத்தில் பொருத்தினார்கள். 2015 ஜனவரியில் மூன்று பெரிட்டான்கள் வந்தன. அந்த மூன்று நேரத்திலும் புதிய கருவி 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு சமிக்ஞையைக் காட்டியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றதும் முன்வரிசையில் ஒரு மாணவி சிரிக்கிறார், அவர் கண்டுபிடித்துவிட்டார். மைக்ரோவேவ் அடுப்பு. ஆனால் இங்கேதான் கவனியுங்கள். அவர்கள் உடனே முடிவு கட்டவில்லை. அடுப்புக்குள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை. மறுபடி ஓட்டினார்கள், வரவில்லை. அடுப்பு வெளியிடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில், பெரிட்டான் தெரிவது 1.4 கிகாஹெர்ட்ஸில். பொருந்தவும் இல்லை. பிறகு, பசித்த மனிதன் என்ன செய்வான் என்று யோசித்தார்கள். மணி அடிக்கும்வரை பொறுக்க மாட்டான். ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் திறப்பான்! அப்படித் திறந்தபோது, உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் என்ற பாகம் அணையும் அந்தச் சின்ன இடைவெளியில் ஒரு துடிப்பு வெளியே வந்தது. தொலைநோக்கி தகுந்த கோணத்தில் திரும்பியிருந்தபோது அதுவே பெரிட்டான். பதறாத காரியம் சிதறாது என்று நான் சொல்வதற்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டுமா? மணி அடிக்கும்வரை காத்திருந்தால் பெரிட்டானே கிடையாது!

சிரித்து முடித்த பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2007-இல் அறிவித்த அந்த வெடிப்பு மைக்ரோவேவ் அல்ல, அது உண்மை. பெரிட்டானை ஒழுங்காகப் பிரித்து எடுத்ததால்தான் அந்த உண்மை தப்பியது. 2020 ஏப்ரல் 28 அன்று நம் பால்வீதிக்குள்ளேயே மிக வலுவான காந்தப்புலமுள்ள ஒரு நியூட்ரான் விண்மீனிலிருந்து, அதாவது சுருங்கி இறுகிய விண்மீன் எச்சத்திலிருந்து, அத்தகைய வெடிப்பு ஒன்று பிடிபட்டது. ஆகவே சந்தேகம் என்பது வியப்பின் எதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன், கணக்கு. விண்மீன்களுக்குப் போவது பற்றிப் பேசாத ஆர்வலர் வட்டம் இல்லை. பேசுங்கள், ஆனால் ஒரு தாளின் பின்புறத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுங்கள். ஒரு கிராம் எடையை ஒளியின் ஐந்தில் ஒரு பங்கு வேகத்துக்கு, அதாவது நொடிக்கு 60,000 கிலோமீட்டருக்குக் கொண்டுபோக, நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். 1.8 லட்சம் கோடி ஜூல், அதாவது 5 லட்சம் கிலோவாட்-மணி. சார்பியல் திருத்தம் சேர்த்தால் 3 விழுக்காடு கூடும், அவ்வளவுதான். இது இலக்கைச் சேரும் ஆற்றல் மட்டும், வழியில் வீணாவது தனி. 70 கிலோ மனிதருக்கு இதை 70,000 மடங்காக்குங்கள், 3,500 கோடி கிலோவாட்-மணி. இந்தக் கணக்கில் கப்பல் சேரவில்லை, மூச்சுக் காற்று சேரவில்லை, போய் நிறுத்துவதற்கான ஆற்றலும் சேரவில்லை. அந்த வேகத்தில் ஒரு மைக்ரோகிராம் தூசி மோதினால் 18 லட்சம் ஜூல், ஏறத்தாழ 430 கிராம் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். முன்பக்கக் கவசத்தைப் பற்றிப் பேசாத விண்கப்பல் யோசனை எதையும் நான் படிப்பதே இல்லை.

கணக்கு கற்பனையைக் கொல்கிறது என்பார்கள். அது கொல்வது அவசர முடிவை மட்டும்தான். 2011 செப்டம்பரில் ஓபரா என்ற ஆய்வுக் குழு, நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் 730 கிலோமீட்டரை ஒளியைவிட 60 நானோநொடி முந்திக் கடந்தன என்று அறிவித்தது. ஒளிக்கு அந்தத் தூரம் 2.4 மில்லிநொடி. முந்தியது 40,000-இல் ஒரு பங்கு. இப்போது 1987-இல் நமக்குத் தெரிந்த 1987ஏ சூப்பர்நோவாவை, அதாவது ஒரு விண்மீன் வெடிப்பை எடுங்கள், தொலைவு ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு. அதை 40,000-ஆல் வகுத்தால் நான்காண்டுகளுக்கு மேல் வருகிறது. நியூட்ரினோக்கள் அத்தனை ஆண்டு முன்பே வந்திருக்க வேண்டும். வந்தது சில மணி நேரம் முன்னால், அதுவும் வெடிப்பின் அதிர்ச்சி அலை விண்மீனின் உட்புறத்தைக் கிழித்து மேற்பரப்பை அடைந்த பிறகே ஒளி கிளம்புவதால். இதை எழுத ஐந்து நிமிடம் போதும். இந்த இரண்டு வகை நியூட்ரினோக்களின் ஆற்றல் வேறு வேறு, எனவே இது முழு மறுப்பாகாது என்று ஒரு மாணவர் சொல்லலாம், சொன்னால் அவருக்கு என் கைதட்டு. 2012-இல் காரணம் தெரிந்தது. கண்ணாடி இழைக் கம்பியின் இணைப்பு ஒன்று சரியாக முறுக்கப்படவில்லை. அந்தக் குழு தொடக்கத்திலேயே, எங்கள் பிழையைத் தேடித் தாருங்கள் என்று கேட்டது, அதுதான் எனக்குப் பிடித்த இடம்.

மூன்றாவது அளவீடுகள். அதற்கு முன் எல்கே-99 என்ற பொருளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கேட்க வந்தது அதிலிருந்துதான் பிறந்தது. 2023 ஜூலையில், இது அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீக்கடத்தி என்று தென்கொரியக் குழு ஒன்று நடுவர் பார்க்காத கட்டுரையை ஆர்க்கைவ் இணையதளத்தில் வெளியிட்டது. செய்முறை எளிமையாகத் தெரிந்தது. ஈய ஆக்சைடையும் ஈய சல்பேட்டையும் 725 பாகை செல்சியஸில் 24 மணி நேரம். தாமிரத்தையும் பாஸ்பரசையும் 550 பாகையில் 48 மணி நேரம். இரண்டையும் அரைத்து, காற்றை உறிஞ்சி மூடிய குவார்ட்ஸ் குழாயில் 925 பாகையில் 5 முதல் 20 மணி நேரம். உலகெங்கும் ஆர்வலர்கள் உலையைப் பற்றவைத்தார்கள். இதில் என்னென்ன கெடும்? ஈயத் தூள் மூச்சில் போகும். மூடிய குழாயில் பாஸ்பரஸ் ஆவி அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கும். எல்லாம் சரியாக நடந்தாலும் தாமிர சல்ஃபைடு கலந்துதான் வரும், அதற்கு ஏறத்தாழ 104 பாகையில் படிக அமைப்பு மாறி மின்தடை திடீரென விழுகிறது. கட்டுரையின் ‘மாயம்’ நடந்ததும் அதே வெப்பநிலையில்தான்! காந்தத்தின்மேல் மிதப்பதாகக் காட்டிய, ஒரு ஓரம் தொட்டு நின்ற துண்டும் உண்மையில் மிதக்கவில்லை. அதில் கொஞ்சம் ஃபெர்ரோ காந்தம், அதாவது இரும்பில் காணும் வகைக் காந்தத்தன்மை, இருந்தது. தூய படிகத்தைச் செய்து பார்த்தபோது அது மின்சாரமே கடத்தாத ஒரு பொருள். மின்தடை பூஜ்யம் என்று சொல்வதென்றால் நான்கு முனைகள் வேண்டும், இரண்டில் மின்னோட்டம், இரண்டில் மின்னழுத்தம். இரண்டே முனையோடு அளந்தால் தொடுபுள்ளியின் தடையைத்தான் அளப்பீர்கள். உங்கள் மீட்டர் காட்டும் பூஜ்யம் என்பது அதன் உணர்திறனின் எல்லைதான்.

சில வாரங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. இப்போது நான் கேட்கிறேன், அன்று ‘உலகம் மாறிவிட்டது’ என்று எழுதியவர்களும், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று இன்று சொல்பவர்களும் எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்? எங்கேயும் இல்லை. பரபரப்புக்கு நினைவு இல்லை, அதனால்தான் அது மறுபடி மறுபடி வருகிறது.

எனவே இந்த மேடையில் என் கோரிக்கை. நம் வட்டத்துக்கு ஒரு மறுபார்வை ஏடு வேண்டும். கட்டிய நோட்டு, பக்க எண் அச்சிட்டது, தாள் உருவ முடியாதது. ஏழு பத்திகள்: தேதி, செய்தி, மூலக் கட்டுரையின் அடையாள எண், உண்மையில் அளந்தது என்ன, பிழை எல்லை, எது நடந்தால் இது பொய்யாகும், மறுபார்வை நாள். மறுபார்வை ஆறு மாதம், ஓராண்டு, மூன்றாண்டு என மூன்று முறை. ஆறாவது பத்தியில்தான் எல்லா ஏடும் சீரழியும். ‘மேலும் ஆய்வு தேவை’ என்று எழுதுவார்கள், அதை ஏற்கக் கூடாது. ‘இன்ன கருவி இன்ன அளவுக்குக் கீழ் காட்டினால்’ என்று எண்ணோடு எழுத வேண்டும். தவறிய கணிப்பை அடித்து மறைக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி இட வேண்டும். பொறுப்பு ஒருவரிடமே இருந்தால் அவர் ஊர் மாறியதும் ஏடும் போய்விடும், எனவே இருவர் கையொப்பம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் மாற வேண்டும். உணர்ச்சி மிகுந்த செய்திகளை மட்டும் எழுதினால் போதாது, மந்தமான அறிவிப்பு மாதம் ஒன்றாவது வேண்டும். இல்லாவிட்டால் எது நிலைக்கிறது என்று ஒப்பிட எதுவும் இருக்காது. யாரும் எழுதிய அன்றைக்கே கருத்துச் சொல்லக் கூடாது, பதறாத காரியம் சிதறாது.

கே2-18பி முதல் பதிவாகட்டும். ஆறாவது பத்தியில், அதே அலைநீளங்களில் புதிய கடப்புத் தரவைச் சேர்த்தும் சிக்மா கூடாமல் குறைந்தால் என்று எழுதலாம். இரண்டாவது பதிவை மாணவர்கள் தேர்ந்தெடுக்கட்டும்.

வீட்டு அளவீடுகளைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, செயலாளர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கிறார். தலைவர் அவர்களிடமும் நூலகக் குழுத் தலைவர் அவர்களிடமும் கேட்பது இதுதான்: வாசிப்பறையில் ஒரு அலமாரித் தட்டு, பூட்டாத தட்டு. இந்த ஏட்டுக்கு அதை ஒதுக்கித் தருவதாகத் தலைவர் தம் நிறைவுரையில் அறிவிக்க வேண்டும். வாசலில் மேசைமேல் இருக்கும் தாளில், ஏட்டைப் பராமரிக்க விரும்புவோர் பெயரை எழுதுங்கள், முதல் இருவரை அடுத்த கூட்டத்தில் தேர்வு செய்வோம். நன்றி, வணக்கம்.