பாறைமேல் விரித்த சாக்குத் துணி

(ஏற்காட்டில், காப்பிப் பழம் பறிப்பு முடிந்த கையோடு நடந்த அறுப்பின் பண்டிகையன்று, பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தாய்மார்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேதான் ஏறி வந்தேன். வாசலில் காப்பிக்கொட்டை, மிளகு, வாழைத்தார், பரங்கிக்காய் எல்லாம் ஏலத்துக்கு இருக்கிறது. அந்தப் பெரிய பரங்கிக்காய் மேல் எனக்கு ஒரு கண். அதனால் பேச்சை இழுக்க மாட்டேன்.

வேதத்துப் பெண்களின் விசுவாசத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சாராளில் தொடங்கி மரியாள் வரைக்கும் ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று பங்கு போடுவது மேடை வழக்கம். நான் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒருத்தியை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொருத்தியைப் பற்றி யாராவது பிரசங்கம் கேட்டிருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

நம் தமிழில் ‘விசுவாசம்’ என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. தேவன்மேல் வைப்பதும் விசுவாசம், சோறு போட்ட வீட்டு வாசலில் நாய் காட்டுவதும் விசுவாசம். சொல் பஞ்சம் என்று முன்பு நினைத்தேன். ரூத்தின் கதையை வாசிக்க வாசிக்க, அந்தச் சொல் சரியாகத்தான் இருக்கிறது என்று படுகிறது.

“உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்.” கல்யாணப் பிரசங்கத்தில் இந்த வசனத்தைச் சொல்லி மணப்பெண்ணைப் பார்ப்பார்கள். அவளும் தலையைக் குனிந்துகொள்வாள். ஆனால் ரூத் இதைப் புருஷனிடமா சொன்னாள்? புருஷன் மக்லோன் அவள் சொந்த நாடான மோவாபிலேயே செத்துவிட்டான். சொன்னது மாமியாரிடம். மருமகள் மாமியாரைப் பார்த்து நடுரோட்டில் சொன்ன வார்த்தையைப் புருஷன் பெண்டாட்டி வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பெத்லகேமில் பஞ்சம் என்று மோவாபுக்குப் போன குடும்பம் அது. ஏறக்குறைய பத்து வருஷத்தில் மாமியார் நகோமி புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தாள். ஊர் திரும்பும்போது, “உங்கள் தாய் வீட்டுக்குப் போங்கள்” என்று மருமகள்கள் இருவரையும் அவளே விடுவிக்கிறாள். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒர்பாள் அழுது, மாமியாரை முத்தமிட்டுப் போனாள். அவளை வேதம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம். போகச் சொன்னார்கள், போனாள். கணக்கு தீர்ந்தது. ரூத்துக்கும் அதே கணக்குதான் தீர்ந்தது. தீர்ந்த பிறகும் நின்றாள்.

நின்றதற்கு என்ன கிடைத்தது? முதலில் வெயில். அறுக்கிறவர்கள் பின்னால் குனிந்து சிந்தின கதிர் பொறுக்கும் வேலை. ஓமலூர்ப் பக்கம் கடலை பிடுங்கின காட்டில் தப்புக்கடலை பொறுக்குவார்களே, அதுதான். என் அம்மாச்சி பொறுக்கியிருக்கிறாள். மண்ணைக் கிளறிக் கிளறி அவள் நகக்கண் கறுத்தே கிடக்கும். வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19இல் நியாயப்பிரமாணமே இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். விழுந்த பழத்தை விட்டால் காய்த்துளைப்பான் பூச்சி அதில் குடியிருந்து அடுத்த வருஷக் காய்க்கு வந்துவிடும். ஒன்றுவிடாமல் பொறுக்கத்தான் வேண்டும். நெல்லிலும் கடலையிலும் அந்தச் சாக்கு செல்லாது.

வயலுக்குச் சொந்தக்காரன் போவாஸ் ரூத்துக்குச் செய்த முதல் உபகாரம் தானியம் அல்ல. “உன்னைத் தொடக் கூடாது என்று வேலைக்காரர்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறேன்” என்றான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த வார்த்தையின் விலை தெரியும். அன்று சாயங்காலம் அவள் தட்டி எடுத்தது ஒரு மரக்கால் வாற்கோதுமை என்கிறது தமிழ் வேதாகமம். எபிரெயத்தில் அது ஏப்பா, சுமார் 22 லிட்டர். நம் மரக்காலைவிடப் பெரியது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு மாமியாரிடம் போனாள்.

ஒன்று கவனியுங்கள். அவளைத் தானே கட்டிக்கொள்ளக் கல்யாணம் பேசி முடிக்கிற இடத்தில்கூடப் போவாஸ் அவளை ‘மோவாபிய ஸ்திரீயாகிய ரூத்’ என்றுதான் சொல்கிறான். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினாலும் ‘ஆத்தூர்க்காரி’ என்றே கூப்பிடுகிறோமே, அப்படித்தான். ஒரு கேள்வி கேட்கிறேன்: இந்தக் காப்பிச் செடி எந்த ஊர்? காக்பர்ன் என்று ஒரு சேலம் கலெக்டர் 1820களில் கொண்டுவந்து வைத்தது. இன்றைக்கு ஏற்காடு என்றாலே காப்பி. அதை யாரும் வந்தேறி என்று சொல்வதில்லை.

அந்த மோவாபியப் பெண்ணின் பேரனுக்கு மகன் தாவீது. இனி அவன் ராஜாவாகிவிட்ட காலத்துக்கு வாருங்கள்.

தேசத்தில் மூன்று வருஷம் பஞ்சம். கிபியோனியர் என்ற ஜனத்தாரை, தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுல் கொன்ற பழி என்றார்கள். பழிக்கு ஈடாகச் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைத் தாவீது பிடித்துக் கொடுத்தான். கிபியோனியர் அவர்களை மலைமேல் தூக்கிலிட்டார்கள். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் சவுலின் மறுமனையாட்டி. சவுலும் போய், நாதியற்றவள். அவள் ஒரு சாக்குத் துணியைக் கொண்டுபோய்ப் பாறைமேல் விரித்து உட்கார்ந்தாள். வாற்கோதுமை அறுப்புத் தொடக்கத்திலிருந்து மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவையையும் இரவில் மிருகத்தையும் அண்டவிடவில்லை. அறுப்பு நம் பங்குனி, சித்திரைக்கு வரும். பருவ மழை வரைக்கும் என்றால் ஆறு மாதம்.

மீதி ஐந்து உடல் அவள் பிள்ளைகள் அல்ல. சவுலின் மகள் வயிற்றுப் பிள்ளைகள். தன்னுடையது இரண்டை மட்டும் காத்தாள் என்று வேதம் சொல்லவில்லை. தூக்கிலிட்டவனை அன்றைக்கே அடக்கம் பண்ண வேண்டும் என்று உபாகமம் 21இல் கட்டளை இருக்கிறது. ராஜா மறந்த கட்டளையை அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்தே ஞாபகப்படுத்தினாள். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் கிடையாது. பேசாததால்தானோ என்னவோ, நாமும் அவளைப் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டோம்.

சேதி தாவீதின் காதுக்குப் போயிற்று. சவுலின் எலும்பையும் அவன் மகன் யோனத்தானின் எலும்பையும் யாபேஸ் என்ற ஊரிலிருந்து எடுத்துவரச் செய்தான். தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்பையும் பொறுக்கினார்கள். அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகுதான், ஏழு பேரைக் கொன்ற பிறகு அல்ல, தேவன் தேசத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதலைக் கேட்டருளினார் என்று எழுதியிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் சீஷர் இருவர் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக, மகதலேனா மரியாள் மட்டும் நின்று அழுதாளே, யோவான் 20இல், அவளையும் இந்தப் பாறையில் சேர்த்துக்கொள்ளலாம். அது ஈஸ்டருக்கு.

இரண்டு சாமுவேல், இருபத்தொன்றாம் அதிகாரம். இன்று ராத்திரி வீட்டில் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பத்தாம் வசனம் வரும்போது கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே ஏல மணி அடித்துவிட்டார்கள். பரங்கிக்காயை முதலில் எடுக்க வேண்டாம் என்று யாராவது போய்ச் சொல்லுங்கள்.